மரக்கறி உணவும் மெய்வலியும்

மரக்கறி உணவு ஒன்றையே உண்டு வாழ்வோர் கடினமான உடலுழைப்பைத் தாங்கவல்லரோ என்னும் வினா, மாணவர் கூடியுண்ணும் இடங்களிலெல்லாம் ஆண்டுதோறும் எழுகின்றது. நம் விடுதியிலும் அஃது எழாத ஆண்டில்லை. புலால் உண்ணும் நண்பர் தம் தோளைத் தட்டிக் காட்டுவர். உண்ணாத நண்பர் யானையையும் காளையையும் சான்றுக்கு அழைப்பர். யானையின் குடல் வேறு, மனிதன் குடல் வேறு ஆதலின் அச்சான்று செல்லாது. தோளைத் தட்டுதலும் சான்றாகாது. இவ்வினாவிற்கு விடை காண நாம் வேற்று நாடு செல்லவேண்டுவதில்லை. நம் நகரின் வடபாலுள்ள இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களை ஒட்டிய வரலாற்றிலேயே விடையின் பெரும்பகுதி கிடக்கின்றது. அதனை ஈண்டு எடுத்துரைக்க முயல்வோம்.

இவை மீன் உண்ணும் ஊர்கள் என்பதை முதற்கண் சொல்லிவிடல் வேண்டும். காசிமேட்டில் பொழுது புலருமுன்னரே மீன் ஏலம் தொடங்கிவிடும். எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துக் குடும்பம் காப்போர் பலர். கடலை நம்பி வாழ்வாரை நோக்கி மீனை விடுக என்று கூறுதல் நம் கருத்தன்று. எனினும் இதே கரையிலேதான், புலால் மறுத்தலைத் தம் வாழ்வின் முதற்கொள்கையாகக் கொண்ட பெரியார் ஒருவரும் நடந்தார். 1823-ஆம் ஆண்டில் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், இளமை தொட்டுச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, பல்லாண்டுகள் திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சென்று வழிபட்டு வந்தார். பின்னர்ச் சென்னையை விட்டு நீங்கி, 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தார் யாவராயினும் அவர்க்குச் சோறிடுதலே அச்சாலையின் தொழில். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. அங்கு ஆக்கப்படும் உணவு முழுவதும் மரக்கறியே. அடிகள் உடலைப் புறக்கணித்தவருமல்லர். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை ஆகிய மூலிகைகளை அன்றாடம் கொள்ளுமாறு தம் அன்பர்க்கு விதித்தார்.

உயிர்களிடத்து இரக்கம் பூண்டு புலாலை மறுத்தல் ஓர் அறம். அங்ஙனம் மறுத்த பின்னர் உடல் எதனைக் கொண்டு வலிபெறும் என்பது வேறொரு வினா. முன்னதற்கு அடிகள் விடை கூறிச் சென்றார். பின்னதற்கு விடை, அடிகள் மறைந்து மூன்றாண்டுகள் கழிந்த பின், 1877-இல், மிகக் கொடியதொரு வழியில் இந்நகரத்துக்குக் கிடைத்தது.

1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் உள்நாட்டு மாவட்டங்களில் விளைவு அற்றுப்போயிற்று. அக்காலத்தே சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டுக் கொண்டிருந்தனவேயன்றி முடிந்தபாடில்லை. கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து மூட்டைகளைக் கரை சேர்த்தன. இராயபுரத்திலிருந்து மேற்கே செல்லும் புகைவண்டிப் பாதையோ 1856-ஆம் ஆண்டு முதலே இருந்தது. 1877-இன் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குன்றுபோற் குவிந்து கிடந்ததைக் காட்டும் நிழற்படங்கள் இன்றும் உள. தானியம் இருந்தது; அதனை வாங்குதற்குரிய காசு ஏழைகளிடம் இல்லை. ஆகவே, அரசாங்கம் ஆங்காங்கு வேலைகளைத் தொடங்கி, உழைப்பார்க்குத் தானியமும் கூலியும் அளந்தது.

அங்ஙனம் எழுந்த வேலைகளுள் ஒன்றை நாம் இன்றும் காணலாம். எண்ணூர் முதல் சென்னை வரை வெட்டப்பட்டிருந்த பழைய கால்வாயைத் தென்பாற் கால்வாயோடு இணைத்தற்பொருட்டு, கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடையே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளத்திற்கு 1877-78-இல் புதிய வாய்க்கால் ஒன்று தோண்டப்பட்டது. பஞ்சத்தால் வாடியவர் தோண்டிய வாய்க்கால் அது. அப்பொழுது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரால் முழுக் கால்வாயும் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. கொருக்குப்பேட்டைப் பாலத்தின்மீது செல்வார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கால்வாய் இதுவே. இத்தகைய வேலைகளில் மண் சுமந்தவர்க்கு நாளொன்றுக்கு எத்துணைத் தானியம் அளப்பது என்பதுபற்றி அன்று பெரியதொரு வழக்கு நிகழ்ந்தது.

அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு, பஞ்சச் செலவைக் குறைக்குமாறு சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரை 1877 சனவரியில் சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் இயல்பில் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பல உயிர்களைக் காத்தவர் அவரே. ஆயின் அதற்காக வீண்செலவினர் என்று இகழப்பட்டார். அவ்விகழ்ச்சியைத் துடைத்துக்கொள்ளும் வாய்ப்பாகச் சென்னையைக் கருதினார்போலும். உழைக்கும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அஃதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என்று வரையறுத்தார். சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும். அதுவும் தனியே போதாது. பருப்பும் காய்கறியும் உடன்வேண்டும். கடினவேலை செய்வார்க்கு அவை இன்றியமையாதன என்பது அவர் வாதம். எலும்புந் தோலுமாய் மருத்துவச்சாலைக்கு வந்தவர்களே அவர்க்குச் சான்றாயினர். 1877 மார்ச்சில் மாகாண அரசு இருவர்க்கும் இடைப்பட்ட வழியொன்றைக் கொண்டது: தானியம் 570 கிராம், பருப்பு 43 கிராம்.

இவ்விரு அளவுகளையும் இக்காலத்து ஊட்டச்சத்துப் பட்டியல்களைக் கொண்டு நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். தானியம் அரிசி என்றே கொள்வோம். 450 கிராம் அரிசி ஏறக்குறைய 1,600 கலோரி வெப்பமும் 36 கிராம் புரதமும் தரும். 570 கிராம் அரிசியும் 43 கிராம் துவரம்பருப்பும் சேர்ந்து ஏறக்குறைய 2,170 கலோரியும் 54 கிராம் புரதமும் தரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவனுக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் 54 கிராம். கார்னிஷ் போராடிப் பெற்ற பருப்பு, அவ்வளவை ஏறத்தாழ நிரப்பிவிட்டது! ஆயினும் வெப்ப அளவு போதவில்லை. கடின உழைப்பாளிக்கு 3,470 கலோரி வேண்டும் என்கின்றது அதே அட்டவணை. ஆதலின் அந்த ஏழைகள் அரைவயிற்றோடுதான் மண் சுமந்தனர். அப்பஞ்சத்தில் இறந்தோர் அரைக் கோடிக்கும் மேற்பட்டவர்.

நம் வினாவிற்கு விடை இங்கே தெளிவாகின்றது. ஒரு ராத்தல் உணவும் மரக்கறியே. கார்னிஷ் கேட்டதும் மரக்கறியே. இறைச்சியைப்பற்றிய வழக்கே அன்று எழவில்லை. அளவு போதுமா, அரிசியோடு பருப்பு சேர்ந்ததா என்பதே வழக்கு. இன்றைய நாளிலும் மரக்கறி உணவினர் மெலிவதற்கும் தழைப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

பருப்புக்கு இத்துணைச் சிறப்பு எதனால் என்பதைச் சிறிது விளக்குவோம். தசை, தோல், குருதி யாவும் புரதத்தால் ஆனவை. புரதம் அமினோ அமிலங்கள் என்னும் நுண்பொருள்களாற் கோக்கப்பட்ட மாலை போன்றது. அவற்றுள் ஒன்பதனை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளவியலாது; உணவிலிருந்தே பெறல்வேண்டும். அரிசி, கோதுமை முதலிய தானியங்களில் லைசின் என்னும் ஒன்று குறைவு. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி. ஆயின் மெத்தியோனின் என்பது குறைவு. அது தானியத்தில் போதிய அளவு உண்டு. இரண்டும் கூடியவிடத்து ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. அங்ஙனம் நிரம்பிய புரதம் கடலையிலிருந்து வந்ததா, கோழியிலிருந்து வந்ததா என்று தசை கேட்பதில்லை. மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு என்னும் அளவை இக்கால அறிஞர் பரிந்துரைக்கின்றனர். நம் இல்லத்துப் பெண்டிர் இட்டலிக்கு அரிசியும் உளுந்தும் ஊறவைக்கும் அளவும் மூன்றுக்கு ஒன்று, அல்லது நான்குக்கு ஒன்று அன்றோ! மேலும் மாவு இரவெல்லாம் புளிப்பதனால், இரும்பு முதலிய தாதுக்களை உடலேற்க விடாது தடுக்கும் பொருள் சிதைகின்றது. பொங்கல், அடை, பருப்புச் சோறு ஆகியனவும் இவ்வினத்தனவே. இரசத்தை மட்டும் ஊற்றிப் பிசைந்த சோறு இவ்வினத்தில் அடங்காது. அதனை உண்டு வகுப்பிற்கு விரையும் நண்பர் இதனைக் கருதுவாராக.

இனி அரிசியைப் பற்றி. குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் தொடங்கிய உணவாராய்ச்சி நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. மக்காரிசன் இந்தியாவின் பல நிலத்தார் உணவுகளை எலிக்கூட்டங்களுக்கு வெவ்வேறாக இட்டு வளர்த்தார். பஞ்சாபிச் சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிகக் கொழுத்து வளர்ந்தன. சென்னையார் உணவை உண்டவை மிக இளைத்திருந்தன. இதனைக் கேட்டு நாணவேண்டியதில்லை. காரணத்தை நோக்கல் வேண்டும். சீக்கியர் உணவில் இறைச்சி அரிதாகவே வந்தது. முழுக்கோதுமை, பால், பருப்பு, கீரை, பழம் ஆகியனவே நாள்தோறும் இருந்தவை. சென்னையார் தட்டிலோ தீட்டிய அரிசியே நிரம்பியிருந்தது. பாலை விலக்குவோர் அவ்வெலிகளின் கொழுமையில் பாலுக்கும் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

அவர்க்குப் பின்வந்த அய்க்ராய்டு மற்றொன்றைக் கண்டார். பெரிபெரி என்னும் கால்வீக்க நோய், எந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரையில் பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அஃது அரிது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து உள்ளே ஊறிப் பதிகின்றது. பின்னர்த் தீட்டினும் முற்றும் நீங்குவதில்லை. செங்குன்றத்து ஆலைகளில் நெல் அவிப்பார் பலர்க்கும் தாம் ஒரு நோய்க்கு மருந்து செய்கின்றோம் என்பது தெரிந்திராது. ஆதலின் நாள்தோறும் உண்பதற்குப் புழுங்கலரிசியே தக்கது. கஞ்சியை வடித்துக் கொட்டுவார் அச்சத்தின் ஒரு பகுதியையும் கொட்டிவிடுகின்றனர்.

அரிசியினும் மேலான தானியம் ஒன்றை வடசென்னை மக்கள் ஆடித் திங்களில் தெருத்தோறும் கொப்பரையில் காய்ச்சி வழங்குகின்றனர். கேழ்வரகுக் கூழைத்தான் சொல்லுகின்றோம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமும் இல்லை. பால் உண்ணாதார்க்கு இதனைவிட எளிய துணை வேறில்லை. முருங்கைக்கீரையும் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்தைத் தருகின்றது. ஆடியில் அம்மனுக்கு ஊற்றும் கூழை ஆவணியில் மறந்துவிடுதல் ஏனோ? பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் வியாசர்பாடியிலும் எண்ணூரை அடுத்த எர்ணாவூரிலும் குடியேறியபோது, அத்தோ என்னும் உணவையும் வாழைத்தண்டுச் சாற்றையும் உடன்கொணர்ந்தனர். முட்டைகோசும் வெங்காயமும் கலந்த அத்தோவில், முட்டையை விடுத்துச் சுண்டல் சேர்த்துண்பார்க்கு அதுவும் நல்லுணவாகும். நாம் அதனைச் சுவைத்தே கூறுகின்றோம்.

இரும்புச் சத்தைப்பற்றி மாணவியர்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியதுண்டு. ஆடவர்க்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் போதுமாக, மகளிர்க்கு 29 மில்லிகிராம் வேண்டும். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றின் புளிப்புச் சத்து உடனிருப்பின் நன்கு ஏற்கும். உண்டவுடன் பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். தொழிற்சாலை வாயில்தோறும் உணவுவேளை முடிந்ததும் தேநீர்க்கடையில் கூட்டம் நெருங்குகின்றது. ஒரு மணிநேரம் கழித்துப் பருகினால் உண்ட கீரைக்குப் பயனுண்டு.

மரக்கறி உணவைப் போற்றுவோர் பலர் கூறாது விடும் குறை ஒன்றுண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லை. நுண்ணுயிர்கள் ஆக்கும் அச்சத்து பால், முட்டை, மீன், இறைச்சி வழியாகவே நமக்குக் கிடைக்கின்றது. பாலும் தயிரும் போதிய அளவு கொள்வார்க்கு ஓரளவு கிடைக்கும். பாலையும் முற்ற விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாகவோ, அச்சத்துச் சேர்த்த உணவாகவோ தவறாது கொள்ளல் வேண்டும். இதன் குறையாற் குருதி மெலியும், கைகால் மரத்துப்போகும், நாட்பட்டால் நரம்பு கெட்டு, பின்னர் மருந்திட்டும் முழுதும் மீளாமற் போதலும் உண்டு. கீரையாலும் பழஞ்சோற்றாலும் இக்குறை தீரும் என்று கூறுவாரை நம்பற்க.

உடற்பயிற்சியைப் பற்றி நாம் மிகுதியாக எழுதவேண்டியதில்லை. இராயபுரமும் காசிமேடும் வியாசர்பாடியும் குத்துச்சண்டைக்குப் பெயர்பெற்ற இடங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியோர் மாலையில் கையுறை அணிந்த காலம் உண்டு. உணவு தசைக்கு வேண்டிய பொருளைத் தருமேயன்றி, உழைப்பின்றித் தசை ஆகாது. நாள் முழுதும் அமர்ந்து படிக்கும் மாணவன் மூட்டை தூக்குவான்போல் சோறுண்டால் வயிறுதான் பெருக்கும். அமர்ந்த தொழிலுடைய ஆடவனுக்கு 2,110 கலோரியே அளவு. புழுங்கலரிசி 300 கிராம், கேழ்வரகு 75, துவரம்பருப்பு 60, கொண்டைக்கடலை 50, நிலக்கடலை 30 கிராம் ஆகியவற்றோடு, கீரை, காய், பழம், சிறிது எண்ணெய் சேரின், அவ்வளவு வெப்பமும் ஏறக்குறைய 58 கிராம் புரதமும் கிடைக்கும். சண்டைப் பயிற்சியோ எடைப் பயிற்சியோ உடையார் சோற்றைப் பெருக்குவதினும் கடலையையும் பயற்றையும் சோயாவையும் பெருக்கிக்கொள்ளல் நன்று.

இத்துணையும் எளியதாயின், ஏழை இல்லங்களில் ஏன் நிகழவில்லை என்று கேட்பார்க்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. 2007-இல் தொடங்கிய சிறப்பு விநியோகத் திட்டத்தின்படி குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு அதனைப் பகிர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 கிராம். 1877-இன் பஞ்சக் கூலியில் அளந்த பருப்பு 43 கிராம் என்பதை நினைவுகூர்க. அட்டைப் பருப்பு முழுத் தேவைக்கென்று வகுக்கப்பட்டதன்று. எஞ்சியதைக் கடையில் வாங்குவர் என்பது எண்ணம். ஆயின் அன்றாடக் கூலியினர் வீட்டில் விலை ஏறுந்தோறும் முதலிற் குறைவது பருப்பே, சோறு குறைவதில்லை. வயிறு நிரம்புகின்றது, உடல் நிரம்புவதில்லை. காராமணி, கொள்ளு, பச்சைப்பயறு, பட்டாணி ஆகியன துவரையினும் விலை குறைந்திருக்கும் காலம் பல. புரதத்தில் அவை துவரைக்குத் தாழ்ந்தனவல்ல. முன்னிரவில் ஊறவைத்தால் விறகும் வாயுவும் மிச்சமாகும்.

நம் விடுதிச் சாம்பாரின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பருப்பு அடியில் தங்க, முதற்பந்தியார்க்கு நீரும் கடைப்பந்தியார்க்குப் பருப்பும் கிடைக்கின்றன என்பது பழைய மாணவர் யாவரும் அறிந்த செய்தி. விடுதிக் குழுவினர் மாதந்தோறும் செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் இடுகின்றனர். அதில் அரிசி, காய்கறி, மளிகை என மூன்று வரிகளே உள. பருப்பு மளிகையுள் மறைந்து கிடக்கின்றது. அதனைத் தனி வரியாக்கி, தலைக்கு நாளொன்றுக்கு எத்துணைக் கிராம் என்று அருகில் எழுதுவதற்கு ஒரு சாண் தாளும் ஒரு நொடிப்பொழுதுமே வேண்டும். வரும் ஆண்டுச் செயலாளர் அதனைச் செய்வாராயின், அவ்வெண் 43-க்கு மேலா கீழா என்று பார்க்க நாமும் பலகையருகே வந்து நிற்போம்.